பி.டி. பீரியடுக்கு வாங்கின ஹிட் பேக்கேஜ்: ஒரு டேர்ம் ஓட்டிப் பாத்தாச்சு

மொதல்லயே சொல்லிடறேன், 5க்கு 3 ஸ்டார். அந்த மூணும் பெட்டிக்குள்ள இருந்த அட்டைக்கும் டைமருக்கும் தான். விளம்பரத்துல ஹீரோ மாதிரி காட்டுறாங்களே ஒரு பெரிய ஸ்கிரீன், அதுக்கு மட்டும் தனியா போடச் சொன்னா ஒரு ஸ்டார் குடுக்கக்கூட கை வராது.

நான் பி.டி. டீச்சர், எட்டாவது ஒன்பதாவது பசங்க. இந்த டேர்ம் ஆரம்பத்துல பசங்க ஸ்டாமினா எல்லாம் போச்சு, ஹிட் கொண்டு வரணும்னு ஒரு மீட்டிங் போட்டாங்க, முடிவும் அங்கயே எடுத்தாங்க, ரெண்டு வாரத்துல பெட்டி வந்து எறங்கிடுச்சு. ஹிட்னா ஹை இன்டென்சிட்டி இன்டர்வல் ட்ரெயினிங், அதாவது கொஞ்ச நேரம் உயிரைக் குடுத்து ஓடு, கொஞ்ச நேரம் நின்னு மூச்சு வாங்கு, திரும்ப ஓடு, அவ்ளோ தான் விஷயம். கம்பெனி பேர் போடல, இதே மாதிரி பெட்டி நாலஞ்சு பேர் விக்கிறாங்க, உள்ள இருக்கறது கிட்டத்தட்ட ஒண்ணு தான். எங்களுக்கு வந்ததுல முழங்கைக்கு மேல கட்டுற ஹார்ட் ரேட் பேண்ட் 32, அதை சார்ஜ் போடுற பெட்டி, டேப்லெட்ல ஒரு ஆப், அதை ப்ரொஜெக்டர்ல போட்டா எல்லா பசங்க பேரும் கலர் கட்டத்துல வரும், சத்தமா பீப் அடிக்கற ஒரு டைமர், பயிற்சி படம் போட்ட 60 அட்டை, 10 வாரத்துக்கு பாடத்திட்டம், டீச்சருங்களுக்கு ஒரு நாள் பயிற்சி. டேர்ம் கடைசில ரிப்போர்ட் வேற.

பயிற்சி நாள்ல இருந்தே ஆரம்பிக்கறேன். வந்த தம்பி நல்ல பையன், சுறுசுறுப்பா இருந்தார், ஆனா ஜிம்ல பெரியவங்களுக்கு சொல்லிக் குடுத்து பழக்கம்னு அஞ்சாவது நிமிஷமே தெரிஞ்சு போச்சு. மியூசிக்கை அலற விட்டு "கமான் கமான்"னு கத்தறார், நாங்க எட்டு டீச்சருங்க பர்ப்பி (குனிஞ்சு கையை ஊணி, காலை பின்னாடி தள்ளி, எழுந்து குதிக்கறது) போடறோம், எங்க தமிழய்யா மூணாவது பர்ப்பில அப்படியே தரையில படுத்துட்டு "நீங்க தொடருங்க தம்பி"ங்கறார். அது கூட பரவால்ல. இது புத்தம் புது சயின்ஸ்னு ஸ்லைடு போட்டாங்க பாருங்க, அங்க தான் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. எமில் ஜாட்டோபெக் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸ்ல 5000 மீட்டர், 10000 மீட்டர், மாரத்தான் மூணுலயும் தங்கம் அடிச்சவர், அவரு அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா 400 மீட்டரை ஓடறதும் மெதுவா ஜாக் பண்றதும் திரும்ப ஓடறதுமா தானே பயிற்சி எடுத்தார். இன்டர்வல் எங்க தாத்தா காலத்து சமாச்சாரம். ஸ்கூல் பீரியடுக்குள்ள எப்படி அடக்கறதுங்கறது மட்டும் தான் புதுசு, அதைப் பத்தி ஸ்லைடுல ரெண்டே வரி.

இன்னொரு ஸ்லைடு டபாட்டா. 4 நிமிஷம் பண்ணா 1 மணி நேரம் ஓடினதுக்கு சமம்ங்கற மாதிரி எழுதியிருந்தாங்க. 1996ல ஜப்பான்ல இசுமி டபாட்டா குழு பண்ண ஆராய்ச்சி அது. 20 செகண்ட் வேலை, 10 செகண்ட் ரெஸ்ட், ஏழெட்டு தடவை, 6 வாரம். சரி. ஆனா அவங்க பண்ணது சைக்கிள்ல, அதுவும் உடம்பு அதிகபட்ச ஆக்சிஜன் எடுத்துக்கற உழைப்பு இருக்கே, அதுல 170 சதவீதத்துல, எட்டாவது சுத்துக்கு மேல பெடல் போடவே முடியாதுங்கற அளவுக்கு. பண்ணவங்க யாருன்னா பெரும்பாலும் உடற்கல்வி படிக்கற வாலிபப் பசங்க. 13 வயசுல ஸ்கூல் யூனிஃபார்ம் போட்டுட்டு ஜம்பிங் ஜாக் (கை காலை விரிச்சு சேத்து குதிக்கறது) பண்ற புள்ளைக்கும் அந்த ரிசல்ட் அப்படியே வரும்னு சொன்னா எப்படி? அதே 20, 10 கணக்குல டைமர் அடிக்குதுங்கறதுக்காக அது டபாட்டா ஆயிடாது. இதை நான் கேட்டேன், தம்பி "அது ஒரு கான்செப்ட் மேடம்"னு முடிச்சுட்டார்.

சரி, கிரவுண்டுக்கு வருவோம்.

எங்க பீரியடு 40 நிமிஷம். க்ளாஸ்ல இருந்து எறங்கி வந்து வரிசைல நிக்கவே 5 நிமிஷம் போயிடும். அதுக்கப்புறம் பேண்ட் கட்டணும். இந்த பேண்ட் கட்டற கூத்தை அந்த விளம்பர வீடியோல காட்டவே மாட்டாங்க. ஒவ்வொரு பேண்டுக்கும் ஒரு நம்பர், ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு புள்ளை, 7ம் நம்பரை எவனோ மாத்திக் கட்டிட்டான், 12ல பச்சை லைட் எரியல, 19ஐ ஏற்கனவே வேர்வையா இருக்கு மிஸ்னு ஒருத்தி தொட மாட்டேங்கறா (நியாயம் தானே, அதுக்கு முந்தின பீரியடு ஒன்பதாவது பி பசங்க கட்டின பேண்ட் அது, தொடைக்க நேரம் எங்க இருக்கு). க்ளாஸ்ல 38 பேரு, பேண்ட் 32. மிச்சம் 6 பேரை என்ன பண்றதுன்னு கேட்டு மெயில் போட்டா சுழற்சி முறையில பயன்படுத்துங்கள்னு பதில். மொத வாரம் கட்டி முடிச்சு டேப்லெட்ல எல்லாரும் கனெக்ட் ஆகறதுக்குள்ள 11 நிமிஷம், கழட்டி எண்ணி பெட்டில வெக்க இன்னொரு 6 நிமிஷம். டைம் மிச்சம்ங்கறது தானே ஹிட்டோட பெருமையே, அந்த மிச்சத்தை பூரா பேண்டே தின்னுடுச்சு.

இனிமே தான் மெயின் காமெடி. ஸ்கிரீன்ல ஒவ்வொரு புள்ளையோட கட்டமும் கலர் மாறும், நீலம் பச்சை மஞ்சள் சிவப்பு, சிவப்புல எவ்ளோ நேரம் இருக்கியோ அவ்ளோ பாயிண்ட். 20 செகண்ட் ஹை நீஸ், பசங்க வெறி புடிச்ச மாதிரி முட்டியை தூக்கறாங்க, ஸ்கிரீன் பூரா மஞ்சளா இருக்கு. பீப். ரெஸ்ட். எல்லாரும் இடுப்புல கை வெச்சு நிக்கறாங்க, ஸ்கிரீன் தகதகன்னு சிவப்பாகுது. திரும்ப ஓடறாங்க, மஞ்சளுக்கு எறங்குது. ரெண்டாவது வாரமே ஒரு வாண்டு கண்டுபுடிச்சுட்டான்: "மிஸ், சும்மா நின்னா தான் மார்க் வருது மிஸ்."

அவன் சொன்னது சரி தான். நாம ஓட ஆரம்பிச்ச உடனே இதயம் அந்த வேகத்துக்கு தாவிடாது, ஏற கொஞ்சம் நேரம் எடுக்கும், 20 செகண்டுல அது ஏறி முடிக்கறதுக்குள்ள விசில் அடிச்சிடும். அதுக்கு மேல இந்த பேண்ட் எல்லாம் தோல் வழியா வெளிச்சம் அடிச்சு ரத்த ஓட்டத்தை பாத்து கணக்கு போடற சாதனம், திடுக்குனு ஏறி எறங்கற நேரத்துல இன்னும் பின்தங்கும், கை ஆடினா தப்பாவும் காட்டும். நெஞ்சுல கட்டற ஸ்ட்ராப் இதுல எவ்ளோவோ தேவலாம், ஆனா 13, 14 வயசு புள்ளைங்களை சட்டைக்குள்ள ஈரம் பண்ண ஸ்ட்ராப் கட்டுன்னு 38 பேர் நடுவுல சொல்ல முடியுமா, நான் சொல்ல மாட்டேன். ஆக நீளமா ஓடற ஓட்டத்துக்கு சரியா வேலை செய்யற ஒரு கருவியை, 20 செகண்ட் வெடிக்கு வெச்சு பாயிண்ட் போட்டா இப்படி தான் ஆகும். கொஞ்ச நாள்ல இன்னொரு கண்டுபுடிப்பு, பேண்டை லூசா கட்டிட்டு கையை வேகமா ஆட்டினா 190 காட்டுதாம். அந்த வாரம் லீடர்போர்டுல, அதாவது பாயிண்ட் வரிசைல, மொத இடம் யாருன்னு சொல்லணுமா.

இதை விட எனக்கு கோவம் வந்தது கணக்கு போடற விதத்துல. ஆப் வந்து 220ல இருந்து வயசை கழிச்சு அது தான் உன் அதிகபட்ச ஹார்ட் ரேட்னு எடுத்துக்குது. 13 வயசுக்கு 207. சின்ன பசங்களுக்கு இந்த சூத்திரம் ஒத்து வராது, டீன் ஏஜ் பாதி வரைக்கும் வயசு ஏற ஏற இது அந்தளவுக்கு எறங்காது, முழு மூச்சா ஓட விட்டா பெரும்பாலும் 195ல இருந்து 205க்குள்ள தான் நிக்கும், ஆளுக்கு ஆள் மாறவும் செய்யும். 208ல இருந்து வயசோட 0.7 மடங்கை கழிக்கற இன்னொரு சூத்திரம் இருக்கு, அதுல 13க்கு 199 வருது. இப்ப ஒரு புள்ளை 172ல இருக்குன்னு வைங்க. 207க்கு அது 83 சதவீதம், மஞ்சள். 199க்கு 86 சதவீதம், சிவப்பு. அதே புள்ளை, அதே மூச்சிரைப்பு, சூத்திரம் மாறினா சோம்பேறி உழைப்பாளி ஆயிடறா. எங்க க்ளாஸ்ல ஒரு பொண்ணு நிஜமாவே அப்படித்தான், வேர்த்து ஊத்தி மொகம் செவந்து நிக்குது, ஸ்கிரீன்ல மஞ்சள், பின்னாடி இருந்து ஒருத்தன் "இன்னும் ட்ரை பண்ணு"ன்னு கத்தறான். அன்னிக்கு ப்ரொஜெக்டர் வயரை புடுங்கினவ தான், அதுக்கப்புறம் மாட்டவே இல்ல.

நியாயமா ஒண்ணு சொல்லணும். ஹார்ட் ரேட்ல ஒரே ஒரு நல்ல விஷயம் பாத்தேன். கொஞ்சம் குண்டா ஒரு பையன், எப்பவும் கடைசில வருவான், பசங்க கிண்டலுக்கு கேக்கவா வேணும். மொத வாரம் அவன் கட்டம் தான் எல்லாருக்கும் முன்னாடி சிவப்பாச்சு. மெதுவா ஓடினாலும் அவன் உடம்பு படற பாடு அந்த ஓட்டப்பந்தய பையன் படறதுக்கு கொறைச்சல் இல்லன்னு எல்லாரும் பாத்தாங்க, அவனும் பாத்தான். அந்த மொகத்தை மறக்க முடியாது. ஆனா அதே ஸ்கிரீன்ல அவன் பேருக்கு கீழ எத்தனை கலோரி எரிச்சான்னும் ஒரு நம்பர் ஓடுது, அதை எதுக்குங்க 13 வயசு புள்ளை பேருக்கு கீழ போடறீங்க? செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ற எடமே இல்ல. டேர்ம் ரிப்போர்ட்லயும் அதே கலோரி, நேரா வீட்டுக்கு போற மாதிரி. நான் அனுப்பல.

புள்ளைங்க முழுப் பேரு, பிறந்த தேதி, எடை எல்லாம் ஏத்தணும்னு ஆப் கேட்டுச்சு. பேருக்கு பதிலா பேண்ட் நம்பரை போட்டேன், எடைக்கு எல்லாருக்கும் ஒரே எடை. ஆப் ஒரு முணுமுணுப்பும் இல்லாம வாங்கிக்கிச்சு. அப்ப எதுக்கு கேட்டுச்சுன்னு தெரியல.

சரி திட்டினது போதும், நல்லதுக்கு வரேன். அட்டை. அடேயப்பா, இந்த அட்டையை யாரு டிசைன் பண்ணாங்களோ அவங்க நிச்சயமா பசங்களோட ஒரு பீரியடாவது நின்னிருக்காங்க. கெட்டி அட்டை, தண்ணி பட்டா ஊறல, ஒரு பக்கம் படம், மறு பக்கம் அதே பயிற்சிக்கு மூணு படி. பர்ப்பின்னா மொத படில குதிக்கவே வேண்டாம், குனிஞ்சு கையை ஊணி ஒவ்வொரு காலா பின்னாடி வெச்சு திரும்ப எழுந்திரிக்கணும், ரெண்டாவதுல ரெண்டு காலும் சேத்து, மூணாவதுல கடைசில குதி. எந்தப் படின்னு புள்ளையே எடுத்துக்கலாம், அட்டைல படி 1, படி 2ன்னு நம்பர் கூட கெடையாது, கலர் கோடு தான், அதனால கீழ் படி எடுக்கறவன் கீழ் படின்னு யாரும் சொல்ல முடியல. ஜோடி ஜோடியா நிப்பாங்க, ஒருத்தர் 30 செகண்ட் பண்ணுவாங்க, இன்னொருத்தர் எண்ணுவாங்க, அப்புறம் மாத்திக்கணும். ரெஸ்டும் தானா வந்துடுது, வரிசைல சும்மா நிக்கற வேலையும் இல்ல, 38 பேரும் எப்பவும் எதோ ஒண்ணு பண்ணிட்டே இருக்காங்க. எனக்கு இத்தனை வருஷத்துல க்ளாஸை கட்டி மேய்க்க கெடச்ச சுலபமான வழி இது தான்.

டைமரும் அருமை. பீப் சத்தம் கிரவுண்ட் அந்தக் கோடி வரைக்கும் கேக்குது, கடைசி 3 செகண்ட் வேற டோன். என் தொண்டை தப்பிச்சுது.

மொத வாரம் நான் பண்ண தப்பையும் சொல்லிடறேன், பெட்டியை மட்டும் திட்டிட்டு போனா நல்லா இருக்காது. பாடத்திட்டத்துல மொத க்ளாஸ்லயே 4 சுத்துன்னு இருந்துச்சு, ஸ்குவாட் ஜம்ப் (பாதி ஒக்காந்து எழுந்து குதிக்கறது) ரெண்டு தடவை வருது, பசங்களும் புது பொம்மை கெடச்ச குஷில இருந்தாங்க, நானும் போட்டு தாக்கிட்டேன். மறுநாள் பாதி க்ளாஸ் மாடிப்படியை பக்கவாட்டுல நண்டு மாதிரி எறங்குது. தொடை அப்படி கடுக்குது. ஒரு அம்மா போன் பண்ணி "என்ன மிஸ் பண்ணீங்க, ஒக்காந்தா எழுந்திரிக்க மாட்டேங்கறான்"னு கேட்டாங்க, கேக்கத்தானே செய்வாங்க. அதே வாரம் காலைல மொத பீரியடு ஒரு பையன் வாந்தி எடுத்துட்டான், விசாரிச்சா வெறும் வயித்தோட வந்திருக்கான். அதுக்கப்புறம் மொத ரெண்டு வாரம் ரெண்டே சுத்து, குதிக்கறது இல்ல, மொத பீரியடுலயும் சாப்பாட்டு இடைவேளைக்கு அடுத்த பீரியடுலயும் கடுமையா எதுவும் இல்ல. இந்த ஒரு வரியை பாடத்திட்டத்துல எழுதறதுக்கு என்ன கஷ்டம்?

எழுதாம விட்டது இன்னும் இருக்கு. ஆஸ்துமா இருக்கற புள்ளைங்களுக்கு வார்ம் அப் நல்லா நிதானமா குடுத்தாலே பாதி பிரச்சனை கொறையும், டாக்டர் சொன்னபடி இன்ஹேலரை க்ளாஸுக்கு முன்னாடி அடிச்சுட்டு வரணும், அது மேல க்ளாஸ்ல பைக்குள்ள கெடக்கக் கூடாது, கிரவுண்டுல என் கைல இருக்கணும். பாடத்திட்டத்துல வார்ம் அப் 90 செகண்ட். 90 செகண்ட்! நான் 5, 6 நிமிஷம் தொடுற ஆட்டம் விட்டேன். அப்புறம் இந்த வயசுல மளமளன்னு வளருவாங்க, முட்டிக்கு கீழ எலும்பு மேடு வலிக்குது மிஸ்னு வருவாங்க, ஆஸ்குட் ஷ்லாட்டர்னு சொல்வாங்க, குதிகால் வலியும் வரும், அவங்களை சிமெண்ட் தரைல குதிக்க விட்டா வலி ஏறத்தான் செய்யும். எங்களுக்கு மூணு பேர் இருந்தாங்க. அவங்களுக்கு பந்தை நெஞ்சுக்கு நேரா வேகமா பாஸ் பண்றது, சுவர்ல கை ஊணி பண்றதுன்னு நானே அட்டை எழுதிக் குடுத்தேன். நெஞ்சு வலி, தலை சுத்தல், மூச்சுல விசில் சத்தம், இதுல எது வந்தாலும் அன்னிக்கு அவ்ளோ தான், ஒக்கார வெச்சு வீட்டுக்கு சொல்லி டாக்டரை பாத்துட்டு தான் திரும்ப வரணும். இதுல எல்லாம் நோ ஹீரோயிசம்.

வயரை புடுங்கினதுக்கு அப்புறம் யாரு நெஜமா உழைக்கறாங்கன்னு எப்படி தெரியும்னு எங்க ஹெச்.எம். கேட்டாங்க. வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். சுத்து முடிஞ்ச உடனே ஒருத்தரை காட்டி ஏழாம் வாய்ப்பாடுன்னு சொன்னா போதும், "ஓரேழு ஏழு, ஈரேழு... ஈரேழு..."ன்னு ரெண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினா வேலை நடந்திருக்கு, கடகடன்னு எழுபது வரைக்கும் சொல்லிட்டான்னா தம்பி ஏமாத்தியிருக்கார். இது ஒண்ணும் நான் கண்டுபுடிச்சதில்ல, பேச முடியுதா பாருங்கறது பழைய சோதனை, நான் வாய்ப்பாடை சேத்தேன் அவ்ளோ தான். கூடவே 0ல இருந்து 10 வரைக்கும் எவ்ளோ கஷ்டமா இருந்துச்சுன்னு விரல்ல காட்டச் சொல்வேன், நெஞ்சுக்கு முன்னாடி மறைச்சு, பக்கத்துல இருக்கறவன் பாக்காத மாதிரி. 7, 8 வந்தா சந்தோஷம். 10 காட்டினா அடுத்த சுத்து கம்மி. நாலஞ்சு வாரத்துல பசங்களுக்கே தன் உடம்பு எந்த எடத்துல இருக்குன்னு புரிய ஆரம்பிச்சுது, ஸ்கிரீன் இருந்தப்ப அவங்க பாத்தது ஸ்கிரீனை, தன்னை இல்ல.

டைமும் மாத்திட்டேன். பாடத்திட்டத்துல 25 நிமிஷம் ஹிட், வாரம் 3 தடவை. எங்களுக்கு வாரத்துக்கு பீரியடே ரெண்டு, அதுல ஒண்ணை மழையோ மாடல் எக்ஸாமோ கணக்கு வாத்தியாரோ வாங்கிட்டு போயிடறது உண்டு. மூணாவது வாரம் ஒரு பொண்ணு வந்து கேட்டுச்சு, "மிஸ், இனிமே விளையாட்டே இல்லையா?" அந்தக் கேள்வி சுருக்குன்னு குத்துச்சு. அதுக்கப்புறம் ஹிட் 8ல இருந்து 10 நிமிஷம், மிச்சம் பூரா விளையாட்டு. குழந்தைங்க இயல்பே இன்டர்வல் தானே, 1995ல 6ல இருந்து 10 வயசு வரைக்கும் இருக்கற பசங்களை கண்ணால பாத்துட்டே இருந்து எழுதின ஒரு ஆராய்ச்சி இருக்கு, அதுல வேகமான ஆட்டம் ஒவ்வொண்ணும் பெரும்பாலும் 3 செகண்ட் அளவு தான், 95 சதவீதம் 15 செகண்டுக்குள்ள முடிஞ்சிடுது. ஓடு, நில்லு, கத்து, ஓடு. அதோட பெரியவங்களை விட இவங்க மூச்சு சீக்கிரம் திரும்பிடும். அந்த இயல்பை ஒரு கோட்டுல நிறுத்தி பீப் அடிச்சு வரிசையாக்கி இது பயிற்சின்னு குடுக்கறப்போ கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும். ஆறாவது வாரத்துக்கு மேல பாதி அட்டையை பந்து வெச்சு பண்ற மாதிரி மாத்தினோம், பசங்களே எழுதினாங்க, ஒண்ணுல "எதிரி கோட்டைக்கு போய் கூம்பை தொட்டு உயிரோட திரும்பி வா, 20 செகண்ட்"னு இருந்துச்சு, கம்பெனி அட்டைல ஒண்ணு கூட அவ்ளோ நல்லா ஓடல.

10 நிமிஷம் போதுமான்னு கேப்பீங்க. ஆஸ்திரேலியால பர்ன் டு லேர்ன்னு ஒரு திட்டம், நியூகேஸில் பல்கலைக்கழக ஆளுங்க பண்ணது, 20 ஸ்கூல், மேல்நிலை வகுப்பு பசங்க, 10 நிமிஷம் ஹிட், நடத்தினது வெளியாள் இல்ல, அந்தந்த ஸ்கூல் டீச்சருங்களே. 2021ல ரிசல்ட் வந்துச்சு, 6 மாசத்துல பசங்களோட இதய நுரையீரல் திறன் கூடியிருந்துச்சு. அங்கயும் ஆப், ஹார்ட் ரேட் எல்லாம் உண்டு, அதனால கருவியே ஆகாதுன்னு நான் சொல்ல வரல, நம்ம பெட்டில இருந்த கருவியும் அதை லீடர்போர்டா மாத்தின புத்தியும் தான் ஆகாது. ஆனா 10 நிமிஷம் ஹிட் பண்ணிட்டா அன்னிக்கு கணக்கு முடிஞ்சுதுன்னு ப்ரோஷர்ல சொல்றாங்க பாருங்க, அது பொய். உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது 5ல இருந்து 17 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு சராசரியா 60 நிமிஷமாவது மிதமானதுல இருந்து கடுமையானது வரைக்கும் உடல் உழைப்பு, அதுல வாரம் 3 நாளாவது கடுமையானது இருக்கணும். ஹிட் அந்தக் கடுமையான பங்குக்கு நல்லா உதவும். மிச்சத்துக்கு புள்ளை ஓடியாடி விளையாடித்தான் ஆகணும்.

ரிசல்ட் என்னன்னா, ஆரம்பத்துலயும் கடைசிலயும் 20 மீட்டர் ஷட்டில் ரன் வெச்சேன், அந்த பீப் டெஸ்ட், 20 மீட்டர் தள்ளி இருக்கற கோட்டுக்கு அடுத்த பீப்புக்குள்ள ஓடி சேரணும், வேகம் மணிக்கு 8.5 கிலோமீட்டர்ல ஆரம்பிச்சு நிமிஷத்துக்கு, அதாவது லெவலுக்கு, 0.5 ஏறும், முடியாதப்ப விட்டுடலாம். பெரும்பாலான பசங்க மொத தடவை விட்ட எடத்தை தாண்டி தான் விட்டாங்க, அந்த கொஞ்சம் குண்டு பையன் ஒரு லெவல் முழுசா தாண்டி நாலாவது லெவல்ல விட்டான். இதை வெச்சு பெட்டிக்கு பாராட்டு பத்திரம் எழுத மாட்டேன், 10 வாரத்துல பசங்க வளரவும் செய்றாங்க, ரெண்டாவது தடவை டெஸ்ட் எழுதறவனுக்கு எப்படி எழுதணும்னும் தெரியும், ஒப்பிட இன்னொரு க்ளாஸும் என்கிட்ட இல்ல. ரெண்டு மூணு பேருக்கு ஒண்ணும் மாறல. ஒரு பொண்ணுக்கு இது சுத்தமா புடிக்கல, கடைசி வரைக்கும் புடிக்கல, அது அட்டையை எடுக்கறப்பவே மொகம் சுருங்கிடும். மூச்சு முட்டற அளவுக்கு போறப்ப சிலருக்கு கிக்கா இருக்கும், சிலருக்கு வேண்டவே வேண்டாம்னு இருக்கும், அவளை இழுத்துப் புடிச்சு பண்ண வெச்சா நாளைக்கு நடக்கறதையும் வெறுத்துடுவா. அவளுக்கு அதே 10 நிமிஷம் ஸ்கிப்பிங் கயிறு, அவ வேகத்துக்கு. சந்தோஷமா சுத்தறா.

சர்வீஸ் பத்தி ஒரு வரி. நாலாவது வாரம் ரெண்டு பேண்ட் செத்துடுச்சு, மெயில் போட்டா ஒன்பதாவது நாள் பதில் வந்துச்சு, ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கன்னு.

இப்ப ரின்யூவல் பண்ணச் சொல்லி வாரம் ரெண்டு போன். ஆப் சந்தா வேண்டாம், அட்டை மட்டும் இன்னும் ரெண்டு செட் குடுங்கன்னு கேட்டேன். தனியா குடுக்க மாட்டாங்களாம், முழு பெட்டியா தான் எடுக்கணுமாம். அதனால எங்க ட்ராயிங் மாஸ்டர் கிட்ட சொல்லி பசங்க எழுதின அட்டைக்கெல்லாம் படம் வரைஞ்சு லேமினேட் பண்ணிட்டு இருக்கோம், இதுவரைக்கும் 22 ஆச்சு, கூம்பு அட்டைக்கு மட்டும் யாரு படம் வரையறதுன்னு ரெண்டு பேருக்கு சண்டை.